குடற்சுவரும் மட்டக்கம்பும்

எனக்கு உரியதல்லாத பாராட்டு ஒன்று சில மாதங்களாக என்னைத் தேடி வந்துகொண்டிருப்பதால் இக்குறிப்பை எழுத வேண்டியதாயிற்று. பதுளையில் நான் சிகிச்சை பெறும் இடத்தின் சுவரில் இரண்டு பக்கத் தமிழ் விளக்கவுரை ஒன்று ஒட்டப்பட்டிருக்கிறது. குடலில் அழற்சி ஏற்படும்போது சர்க்கரையைப் பற்றும் புரதங்கள் சில உடலின் நோயெதிர்ப்பை எவ்வாறு தூண்டியும் தணித்தும் நெறிப்படுத்துகின்றன என்பதையும், அதனை ஆராய நோயாளரிடம் என்ன கேட்கப்படுகிறது என்பதையும் அது சொல்கிறது. வாசிப்போர் பலரும் ஓய்வுபெற்ற ஆசிரியனான என் பக்கம் திரும்பி, "சேருடைய தமிழ் என்றால் சும்மாவா!" என்கின்றனர். அவ்விரு பக்கங்களில் நான் உரிமை கொண்டாடக்கூடியவை முற்றுப்புள்ளிகளும் சில காற்புள்ளிகளுமே. மற்றவை வேறொருவருடையவை. அவர் பெயர் அங்கே இல்லை; அவர் விரும்பாமையால் இங்கும் இல்லை. ஆயினும் நடந்தது நடந்தவாறு எங்கேனும் பதிவாக வேண்டும்.

நான் யாழ்ப்பாணத்திலிருந்து ஆசிரியப் பணிக்காகப் பதுளை இருக்கும் மலைநாட்டு ஊவாவுக்கு வந்தவன். ஈராண்டில் திரும்பிவிடுவதாகச் சொல்லி வந்து, உயிரியல் கற்பித்து, கலைச்சொற்களைத் திரட்டி, ஓய்வும் பெற்று, இன்றும் இங்கேயே இருக்கிறேன். பெருங்குடல் அழற்சி என்னைப் பற்றியது ஓய்வுக்குப் பின்னர்தான். அந்நோயின் இயல்பை விரிவாகச் சொல்வது நாகரிகமன்று. பசறையிலிருந்து பதுளைக்கு வரும் பேருந்துப் பாதையில் எத்தனை வளைவுகள் உண்டு என்பதையும், எந்த வளைவில் எந்தக் கடைக்காரர் தம் பின்கட்டுக் கதவைப் புன்னகையோடு திறந்துவிடுவார் என்பதையும் நான் நன்கறிவேன் என்று மட்டும் சொன்னால் போதும்.

எங்கள் குடல்நோய்ப் பிரிவில் இளம் மருத்துவர் ஒருவர் இருக்கிறார். பசறைப் பக்கத்துத் தேயிலைத் தோட்டத்தில், தொழிலாளரின் வரிசை வீடுகளான லயத்தில் பிறந்து வளர்ந்த பெண். பல்கலைக்கழக ஆய்வகம் ஒன்று இந்நோயில் அப்புரதங்களின் பங்கை ஆராய முற்பட்டபோது, அவரும் அக்குழுவில் சேர்ந்தார். குடலுள் கருவி செலுத்திச் சோதிக்கும் வேளையில், வழக்கமாக எடுப்பவற்றோடு அரிசி மணியளவில் குடற்சுவரின் இரண்டு இழையத் துண்டுகளை மேலதிகமாக எடுத்து ஆய்வகத்துக்கு அனுப்புவார்கள். அதற்கு நோயாளரின் இசைவு வேண்டும். இசைவு கேட்கும் விளக்கவுரை சிங்களத்தில் ஆயத்தமாகிவிட்டது. தமிழில் இல்லை.

"சேர், ஒழுக்கநெறிக் குழு ஒரு நிபந்தனை போட்டிருக்கு," என்றார் மருத்துவர். "தமிழ்க் கடிதத்த வாசிச்சவங்க, அதுல என்ன இருக்குன்னு தங்களோட வார்த்தையில திருப்பிச் சொல்லணும். அப்பிடிச் சொல்ல முடியல்லன்னா தமிழ் மட்டும் தெரிஞ்சவங்கள ஆய்வுல சேர்க்க முடியாது. இன்னும் மூணு கிழமைதான், இருபத்தொரு நாள்தான் இருக்கு."

"சேர்க்காவிட்டால் என்ன, பிள்ளை?"

"நாளைக்கு இந்த ஆராய்ச்சிய வச்சு ஒரு மருந்து செஞ்சா, நம்ம ஆக்களோட கொடல ஒருத்தரும் பாக்காமலே செஞ்ச மருந்தா இருக்கும். எனக்கு அது வேணாம் சேர்."

அவர் குரலில் கெஞ்சல் இல்லை; கணக்குத் தவறிய மாணவனைப் பார்க்கும் ஆசிரியையின் உறுதி இருந்தது. நான் உடனே ஒப்புக்கொண்டேன். என்னைவிடத் தகுந்தவர் யாருமில்லை என்றுதான் அப்போது நினைத்தேன்.

மருத்துவர் எனக்கு விளக்கியது இது. நம் உடலைக் கட்டிய நுண்ணறைகளான கலங்கள் ஒவ்வொன்றின் மேற்பரப்பிலும் சர்க்கரை அலகுகளாலான நுண்தொடர்கள் நீட்டிக்கொண்டிருக்கின்றன. அவற்றின் அமைப்பு கலத்துக்குக் கலம் வேறு. அமைதியாக இருக்கும் கலத்துக்கும் கிளர்ந்தெழுந்த கலத்துக்கும் வேறு. சில புரதங்கள் இத்தொடர்களை இனங்கண்டு பற்றிக்கொள்ளும். அவ்வாறு பற்றுதல் சிலபோது கிளர்ந்த நோயெதிர்ப்புக் கலத்துக்கு 'அடங்கு' என்னும் செய்தியாகிறது; சிலபோது 'எழு' என்னும் செய்தியாகிறது. இச்சமநிலை குலைந்தால், பகையே இல்லாதபோதும் குடற்சுவர் கனன்றுகொண்டேயிருக்கும்.

இதனை எழுத எனக்கு ஒன்பது நாள் சென்றது. அவற்றுள் மூன்று நாள் அப்புரதத்துக்குத் தூய தமிழ்ப் பெயர் ஆக்குவதில் கழிந்தது. 'இனிமப்பற்றி' என்று ஒரு சொல் பிறந்தபோது நான் மாலை நடையில் பசறைக் கடைத்தெரு முழுதும் தனியே சிரித்துக்கொண்டு போனேன். கட்டுரையின் தலைப்பு: 'பெருங்குடல் அழற்சியில் நோயெதிர்ப்பு நெறிப்படுத்தலும் இனிமப்பற்றிகளின் ஈரியல்புப் பங்களிப்பும்'. பிறமொழிச் சொல் ஒன்றுகூட உள்ளே நுழையாமல் பார்த்துக்கொண்டேன்.

வாசித்துப் பார்க்க மூவர் வந்தனர். ஒருவர் ஸ்பிரிங்வெளித் தேயிலைத் தோட்டத்தில் நெடுங்காலம் கொழுந்து பறித்து ஓய்ந்த அம்மையார், அறுபதைக் கடந்தவர். இன்னொருவர் பண்டாரவளையில் மரக்கறி மொத்த வியாபாரம் செய்பவர். உரத்த குரலும் பருத்த உடலும் உடையவர். மூன்றாமவர் துணிக்கடையில் பணிபுரியும் இளம்பெண். மூவரும் எங்கள் நோய்க்காரர்களே. ஆளுக்கொரு படி கொடுத்தோம். பத்து நிமிடம் வாசித்தனர். தாளைத் திருப்பும் ஒலியைக் கேட்டுக்கொண்டு நான் பெருமிதத்தோடு அமர்ந்திருந்தேன்.

"எல்லாம் விளங்கினதோ?" என்று கேட்டேன்.

"வெளங்கிருச்சிங்க ஐயா," என்றார் அம்மையார்.

"ஆமாங்க, நல்லா வெளங்கிருச்சி," என்றார் வியாபாரி. இளம்பெண் தலையசைத்தார். கேட்பதற்கு முன்னரே மூவரும் பேனாவை வாங்கி அடியில் கையெழுத்தும் இட்டுவிட்டனர். நான் மருத்துவரைப் பார்த்தேன். அவர் முகத்தில் என் பெருமிதத்தின் சாயல் சிறிதும் இல்லை.

"சரி, இதுல என்ன சொல்லியிருக்கு? சொல்லுங்க பாப்பம்," என்றார் அவர்.

வியாபாரி தொண்டையைச் செருமிக்கொண்டார். "அதாவது டொக்டர், நம்மளுக்கு சீனி வருத்தம், டயபிட்டீஸ், இருக்கான்னு பாக்கப் போறீங்க. இருந்தா மருந்து தருவீங்க."

இளம்பெண் தயங்கித் தயங்கி, "வயித்துக்குப் பத்து போடுறதுங்களா, மிஸ்?" என்றார்.

மருத்துவர் அம்மையார் பக்கம் திரும்பியதும் அவர் சேலைத் தலைப்பைச் சரிசெய்துகொண்டார். "ஐயா கோவிச்சுக்கக் கூடாது. எனக்கு ஒரு வரிகூட வெளங்கல்லங்க."

"அப்போ ஏனம்மா விளங்கினதெண்டு சொன்னீங்கள்? கையெழுத்தும் வச்சிட்டீங்களே?" என்றேன் நான்.

"தோட்டத்துல ஆபீசுலேருந்து காயிதம் நீட்டுனா கையெழுத்துப் போட்டுட்டு மலைக்குப் போயிரணுங்க. நின்னு வாசிச்சா, 'என்ன, எங்கமேல நம்பிக்கை இல்லையா?'ன்னு கேப்பாங்க. ஐயா வேற மொகத்த இவ்வளவு சந்தோசமா வச்சிக்கிட்டு இருந்தீங்க. எப்பிடிங்க இல்லைன்னு சொல்றது?"

வியாபாரி குலுங்கிக் குலுங்கிச் சிரித்தார். சிறிது நேரத்தில் எனக்கும் சிரிப்பு வந்துவிட்டது. ஆனால் மருத்துவருக்கு மட்டும் வரவில்லை. நாள்காட்டியைப் பார்த்து, "பன்னிரண்டு நாள் இருக்கு," என்றார்.

எழுந்து போயிருப்போம். அப்பொழுது தேநீர் வந்தது. பால் கலவாத சாயத் தேநீர், கூடவே ஒரு கிண்ணத்தில் சீனி. அம்மையார் உள்ளங்கையில் சிறிது சீனியை வைத்து நாவால் தொட்டுக்கொண்டு, ஒரு மிடறு தேநீர் அருந்தினார். பிறகு தாளைக் கவிழ்த்து வைத்துவிட்டு மருத்துவரிடம் சொன்னார்:

"டொக்டர் பிள்ள, ஐயா எழுதுனது கெடக்கட்டும். நீங்க எங்க ஊரு பிள்ளதானே. வாயால சொல்லுங்க. கொடலுக்குள்ள என்னதான் நடக்குது?"

மருத்துவர் தம் கைப்பேசியை எடுத்து, "அக்கா, இத ரெக்கோட் பண்ணிக்கிறேன்," என்று மேசைமேல் வைத்தார். அந்தப் பதிவு இன்றும் என்னிடம் இருக்கிறது. கீழே வருவது அதிலிருந்து எடுத்தது.

"கொடலுக்குள்ள காவல்காரங்க மாதிரி கலங்கள் இருக்கு. கிருமி வந்தா எழும்பிச் சண்டை போடும். சண்டை முடிஞ்சா அடங்கணும். நம்ம வருத்தத்துல அடங்குறதில்ல. கிருமியே இல்லாதப்பவும் கொடலப் போட்டு சுடுது."

"அடக்குறதுக்கு ஆள் இல்லையா?"

"இருக்கு. ஒவ்வொரு கலத்து மேலயும் நூல் நூலா நீட்டிக்கிட்டிருக்கும். நூல்ல கோத்திருக்கிறது சீனி மாதிரியான சாமான். கையில வச்சிருக்கீங்களே, அது இல்ல, அந்தச் சாதி. ஒரு புரதம் வந்து அந்த நுனியத் தொட்டுப் பாக்கும். இது கெளம்பி நிக்கிற கலம்னு தெரிஞ்சா, பிடிச்சிக்கிட்டு 'போதும், அடங்கு'ன்னு சொல்லும்."

"கண்ணால பாக்காதா?"

"கண் ஏது அதுக்கு? தொட்டுத்தான்."

அம்மையார் தம் விரல்களைப் பார்த்துக்கொண்டார். "அப்ப எங்க வேலைதான்," என்றார்.

தொடர்ந்து அவர் பேசியதை நாங்கள் யாரும் இடைமறிக்கவில்லை. பறிக்கிறவள் ஒவ்வொரு கொழுந்தாகப் பார்த்துக்கொண்டு நிற்பதில்லையாம். வாய் கதை பேசும்; கண் அடுத்தவள் நிரையில் இருக்கும்; விரல் மட்டும் வேலை செய்யும். இளங்கொழுந்து எது, முற்றியது எது என்பது தொட்டவுடன் தெரிந்துவிடும். செடியின்மேல் மட்டக்கம்பைக் குறுக்கே கிடத்துவார்கள். அது நேரான ஒரு நீண்ட கம்பு. அதற்கு மேலே தலைநீட்டுவதைப் பறித்து, செடி முழுவதையும் ஒரே மட்டத்தில் வைப்பதற்காக.

"விட்டா என்னாகும்னு நெனக்கிறீங்க? தேயிலை மரமாப் போயிரும். மரத்துல ஏறியா பறிக்கிறது? அதுக்காக ஒரேயடியா மொட்டையடிச்சாலும் செடி நிக்காது. மட்டம் வேணும். கொடலும் அப்பிடித்தானா?"

"அப்பிடியேதான் அக்கா!" மருத்துவர் நாற்காலியின் நுனிக்கு வந்திருந்தார். "அளவுக்கு மிஞ்சி அடக்கிட்டா நெசமான கிருமி வர்றப்ப சண்டை போட ஆள் இருக்காது."

மட்டம் என்னும் அந்த ஒரு சொல்லுக்கு நான் 'நோயெதிர்ப்பு நெறிப்படுத்தல்' என்று எழுதியிருந்தேன். ஆயினும் என் ஆசிரிய புத்தி அடங்கவில்லை. "உவமை முழுக்கப் பொருந்தேல்லை. அந்தப் புரதம் நுனியைப் பறிக்கிறதில்லை. தொட்டுப் பிடிக்கிறது மட்டுந்தான்," என்றேன்.

"தொட்டுட்டு பறிக்காம வந்தா கங்காணி சும்மா விடுவாரா?" என்று வியாபாரி குறுக்கிட்டார்.

"சேர் சொல்றதும் சரி," என்றார் மருத்துவர். "ஆனா சில நேரம் அது பிடிச்சதும் அந்தக் காவல்காரக் கலம் சத்தமில்லாம செத்துப்போயிரும். அப்பிடித்தான் கூட்டம் கொறையுது."

"செத்தே போயிருமா? அப்ப பறிச்ச கணக்குத்தானே!" என்றார் அம்மையார் என்னைப் பார்த்து.

வியாபாரிக்கு இன்னும் தீரவில்லை. "ஒண்ணு கேக்கணும் டொக்டர். அந்தப் புரதம் நல்லவனா, கெட்டவனா?"

"அதத் தெரிஞ்சிக்கத்தான் ஆராய்ச்சியே. ஒரே குடும்பத்துல சிலது சண்டைய அடக்குது, சிலது ஏத்தி விடுது. ஒண்ணே எடத்தப் பொறுத்து ரெண்டும் செய்யும்னும் சொல்றாங்க."

"இதுல என்ன அதிசயம்?" என்றார் அம்மையார். "எங்க லயத்துல சண்டை வந்தா ஒருத்தி வெலக்கிட்டு வருவா. இன்னொருத்தி வெலக்கப் போறேன்னு போயி பெருசாக்கிட்டு வருவா."

"அக்கா தன்னோட கதையத்தான் பேரு சொல்லாம சொல்றாங்க," என்றார் வியாபாரி.

"போங்க முதலாளி! நீங்க வந்து வெலக்கியிருந்தா லயமே எரிஞ்சிருக்கும்."

அன்று அறையில் எழுந்த சிரிப்பைக் கேட்டு, வெளியே காத்திருந்தவர்கள் கதவைத் திறந்து பார்த்தார்கள். குடல்நோய்ப் பிரிவில் சிரிப்பொலி கேட்பது அரிது.

அன்றிரவே வீட்டில் என் கட்டுரையைக் கிழித்துவிட்டேன் என்று எழுதினால் அழகாக இருக்கும். உண்மை அதுவன்று. மூன்று நாள் அதற்கும் பதிவுக்கும் இடையே சமரசம் செய்ய முயன்றேன். அம்மையாரின் வாக்கியம் ஒன்று, என் வாக்கியம் ஒன்று என்று மாற்றி மாற்றி வைத்துப் பார்த்தேன். அருகில் வைத்தபோது என் வாக்கியங்கள் திருமண வீட்டில் தலைப்பாகையோடு நிற்கும் அந்நியர்போல் தோன்றின. ஒவ்வொன்றாக வெளியேறின. கடைசியாகச் சென்றது 'இனிமப்பற்றி'. அதை நீக்குமுன், மேலைநாட்டார் இப்புரதங்களுக்கு என்ன பெயர் வைத்தார்கள், ஏன் வைத்தார்கள் என்று அகராதியில் தேடினேன். 'லெக்டின்' என்னும் அச்சொல் தெரிந்தெடுத்தல், பொறுக்கியெடுத்தல் என்னும் பொருளுடைய இலத்தீன் வினையிலிருந்து வந்ததாக அங்கே கண்டிருந்தது. பறிக்கும் கைகளைப் பற்றி அம்மையார் சொன்னது நினைவுக்கு வர, அகராதியை மூடிவைத்தேன். அறிஞர்கள் இலத்தீனில் தேடிக் கண்ட பொருளை அவர் தேநீர் ஆறுவதற்குள் விரல்களால் கண்டுவிட்டார்.

எழுதி முடித்ததை என் துணைவியாரிடம் கொடுத்தேன். அவர் மூக்குக்கண்ணாடியைத் தேடியெடுத்து, நின்றபடியே முழுவதும் வாசித்தார்.

"இது நீங்கள் எழுதினதோ?"

"ஏன் கேக்கிறீர்?"

"இல்லை, எனக்கு விளங்குது. அதுதான்."

இரண்டாம் முறை அதே மூவரும் கூடினர். இம்முறை யாரும் விரைவில் தாளைக் கீழே வைக்கவில்லை. வியாபாரி விரலால் வரியைத் தொட்டுத் தொட்டு வாசித்தார். பிறகு திருப்பிச் சொல்லும்போது மட்டம், காவல், நுனி, இரண்டு அரிசி மணித் துண்டு என்று யாவற்றையும் ஒழுங்காகச் சொல்லி, இடையில் விலை பேசுவதுபோல், "துண்டு ரெண்டுதானே? மூணாக்கிற மாட்டீங்களே?" என்று உறுதியும் பெற்றுக்கொண்டார். இளம்பெண், ஆய்வில் சேராவிட்டாலும் சிகிச்சையில் குறைவு வராது என்ற பகுதியை இரண்டு முறை சொன்னார். அது அவருக்கு முதன்மையானதாகப் பட்டிருந்தது. இருவரும் கையெழுத்திட்டனர்.

அம்மையார் எல்லாரையும்விடத் தெளிவாகச் சொல்லி முடித்தார். முடித்ததும் பேனாவை என் பக்கம் தள்ளினார்.

"எனக்கு வேணாங்க."

ஒழுக்கநெறிக் குழுவுக்கு இதை எவ்வாறு சொல்வது என்ற கவலை முதலில் எழுந்தது. "ஏனம்மா? விளங்கேல்லையோ?"

"நல்லா வெளங்கிருச்சி ஐயா. அதனாலதான் வேணாங்குறேன். இங்க எழுதியிருக்கு பாருங்க. துண்டு எடுக்குற எடத்துல கொஞ்சம் ரத்தம் கசியும், ரத்தம் ஒறையாம இருக்க மாத்திரை போடுறவங்க இதுல சேர வேணாம், வீட்டுல இருக்குற மாத்திரையெல்லாம் கொண்டாந்து காட்டணும்னு." தோள்பையைத் திறந்து சிறு மாத்திரை அட்டை ஒன்றை மேசைமேல் வைத்தார். "நெஞ்சு வலின்னு வேற எடத்துல காட்டுனப்ப தந்தாங்க. இது அந்தச் சாதிதானே?"

மருத்துவர் அட்டையை எடுத்துத் திருப்பிப் பார்த்தார். "இத ஏன் அக்கா எங்ககிட்ட சொல்லவே இல்ல?"

"நீங்க வயித்து டொக்டர். இது நெஞ்சு மாத்திரை. நெஞ்சப் பத்தி வயித்துக்கிட்ட எதுக்குச் சொல்லணும்னு இருந்துட்டேன்."

அந்த எச்சரிக்கை என் முதற்படியிலும் இருந்தது. 'குருதியுறைவெதிர் மருந்துட்கொள்வோர் விலக்கப்படுவர்' என்று மூன்று சொற்களில் செறிவாக எழுதி, அந்தச் செறிவுக்காக மகிழ்ந்தும் இருந்தேன். அதன் கீழேதான் அம்மையார் கையெழுத்திட்டிருந்தார்.

"அன்னைக்கிப் போட்ட கையெழுத்த என்ன செஞ்சீங்க?" என்று கேட்டார் அவர். மருத்துவர் கோப்பிலிருந்து அந்தத் தாளை எடுத்து அவர் கையிலேயே கொடுத்தார். அம்மையார் அதனை நான்காகக் கிழித்து வியாபாரியிடம் நீட்டினார். "முதலாளி, கடையில பச்ச மொளகா மடிக்க ஆகும்." பிறகு மருத்துவர் அவரது நெஞ்சு மாத்திரையையும் குறிப்பேட்டில் பதிந்து, அடுத்த குடற்சோதனைக்கு முன் அதைப்பற்றி என்ன செய்ய வேண்டும் என்று பொறுமையாகச் சொல்லிக்கொடுத்தார்.

மறுப்பை மறைக்காமல் அப்படியே குழுவுக்கு எழுதி அனுப்பினோம். மூவர் வாசித்தனர், மூவரும் திருப்பிச் சொன்னார்கள், ஒருவர் காரணத்தோடு மறுத்தார் என்று மருத்துவர் எழுதினார். தமிழ் விளக்கவுரை ஏற்கப்பட்டது என்று பதில் வந்த காலை அவர் என்னைத் தொலைபேசியில் அழைத்தார். "சேர், அக்கா வேணாம்னு சொன்னதுதான் அவங்களுக்கு ரொம்பப் பிடிச்சிருக்கு. கடிதம் வெளங்குதுங்கிறதுக்கு அதைவிட சாட்சி வேணாமாம்!" அவர் சிரித்தது அன்றுதான் முதன்முறையாக எனக்குக் கேட்டது.

இப்போது பசறையிலிருந்தும் ஸ்பிரிங்வெளியிலிருந்தும் பண்டாரவளையிலிருந்தும் வருபவர்கள் அந்தச் சுவர்முன் நின்று வாசிக்கிறார்கள். சிலர் சேர்கிறார்கள், சிலர் கேள்வி கேட்டுவிட்டு விலகுகிறார்கள். என் இரண்டு அரிசி மணிகளையும் நான் கொடுத்துவிட்டேன். அவை ஆய்வகத்தில் எதைச் சொல்லப்போகின்றன என்பது யாருக்கும் தெரியாது. அம்மையார் ஆய்வில் சேரவில்லை. ஆனால் புதிதாக வருகிறவர்களுக்கு வாசலிலேயே விளக்கம் சொல்வது அவர்தான். என்னை யாரேனும் புகழும்போது அவர் குறுக்கிடுவதில்லை, ஓரக்கண்ணால் பார்த்துக்கொண்டிருக்கிறார். அந்தப் பார்வையைத் தாங்க முடியாமல்தான் இவ்வளவும் எழுதினேன்.

இதில் பிழைகள் இருக்கக்கூடும். புரதங்களைப் பற்றி நான் சொன்னவை, மருத்துவர் சொல்லக் கேட்டு என் அறிவுக்கு எட்டியவாறு சுருக்கியவை. துறையறிந்தோர் கண்டு திருத்த வேண்டுகிறேன். கொழுந்து பறிப்பதை நான் ஒரு நாளும் செய்ததில்லை. ஆகவே மட்டக்கம்பையும் நிரையையும் பற்றி எழுதியவற்றை மலையில் நின்றவர்கள் படித்துப் பார்த்து, தவறிருந்தால் தயங்காமல் சொல்ல வேண்டும். அம்மையாருக்கு இதை வாசித்துக் காட்டியபோது ஏற்கெனவே இரண்டு இடங்களைத் திருத்தினார். மூன்றாவது ஓரிடமும் உண்டாம்; அதைப் பற்றி, "வெளங்கிருச்சிங்க," என்றதோடு நிறுத்திக்கொண்டார். அந்த இடத்தை மட்டும் வாசகர்கள் மிகக் கவனமாகப் பார்க்கும்படி கேட்டுக்கொள்கிறேன். எது என்று அவர் எனக்குச் சொல்ல மறுக்கிறார்.